நாற்பத்தொரு நாள் கட்டு

அன்புள்ள மகனுக்கு,

இங்கே நானும் உன் அம்மாவும் தையல் மெஷினும் சுகமாக இருக்கிறோம். உன் கடிதம் வந்து இன்றோடு ஒன்பது நாள் ஆகிறது. வழக்கமாக உன் கடிதத்தைக் கொடுத்த தபால்காரர் தெருமுனை திரும்புவதற்குள் நான் பதில் எழுத உட்கார்ந்துவிடுகிறவன் என்பது உனக்குத் தெரியும். இந்த முறை ஒன்பது நாள் பிடித்தது. வேலை அதிகம் என்று எழுதிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். கும்பப்பூ நெல் அறுப்பு முடிந்த கையோடு கல்யாணங்கள் வரிசையாக வருகின்றன, வெட்டாத துணி கடையில் குவிந்து கிடக்கிறது, சொன்னால் நீ நம்பியிருப்பாய். அப்படி எழுத மூன்று தடவை காகிதம் எடுத்தேன். மூன்று தடவையும் அதில் யாருடைய சட்டை அளவையோ குறித்து வைத்துவிட்டேன். பொய் எழுதவும் கொஞ்சம் படிப்பு வேண்டும் போலிருக்கிறது. ஏழாம் வகுப்போடு நின்றவனுக்கு அது வரவில்லை.

சாயங்காலம் ஆறு மணி வாலிபால் ஆட்டத்தில் உன் இடது கரண்டைக்கால் மறுபடியும் மடங்கிவிட்டது, இதோடு நான்காவது தடவை என்று எழுதியிருந்தாய். இந்தத் தடவை யாருடைய காலையும் மிதிக்கவில்லை, உயரக் குதிக்கக்கூட இல்லை, பந்தை எடுக்கப் பக்கவாட்டில் ஒரு எட்டு வைத்தேன், அவ்வளவுதான் என்றும் எழுதியிருந்தாய். கான்வாஸ் ஷூவை அறையில் கூட இருப்பவனுக்குக் கொடுத்துவிட்டதாகச் சொன்னாய். அதற்குக் கீழே எழுதியிருந்ததுதான் என்னை ஒன்பது நாள் உட்காரவைத்தது. “பம்பாயில் எனக்கு அந்த ஆறு மணி ஆட்டம்தான் ஊர். எனக்குத் தெரிந்த முகமெல்லாம் அந்த வலைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நிற்கிற முகங்கள்தான். அது இல்லையென்றால் இங்கே எனக்கு ஒன்றும் இல்லை அப்பா. வேலையை விட்டு வந்துவிடுகிறேன். கடையில் இன்னொரு மெஷின் போட்டால் உங்களோடு உட்கார்ந்துகொள்கிறேன்.”

மக்கா, உண்மையைச் சொல்கிறேன். இதைப் படித்ததும் நான் முதலில் செய்த காரியம் டேப்பை எடுத்து ஜன்னலோரம் அளந்ததுதான். நாலு அடி இருந்தது. மெஷினுக்கு மூன்று அடி போதும். நீ காலை நீட்டி உட்காருகிறவன், மிச்சம் ஒரு அடி அதற்கு. உன் கால் வலி ஞாபகம் வந்தது அதற்கு அப்புறம்தான். நல்ல தகப்பன்! நான் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், நீ தானாகவே வந்துவிடுவாய். ஐந்து வருஷமாக நான் ஏங்கியது அதற்குத்தான். ஆனால் வாயைத் திறக்காமல் இருந்து உன்னை வீட்டில் வைத்துக்கொள்வது எனக்குப் புதிய வித்தை இல்லை. ஒரு தடவை செய்திருக்கிறேன். அதனால்தான் உன் கால் இன்றைக்கு இப்படி இருக்கிறது.

நீங்கள் அறுப்பு முடிந்த வயலில் வாலிபால் ஆடிய நாட்களை நினைத்துக்கொள். முட்டத்து மீன்காரரிடம் பழைய வலை வாங்கிவந்து, நான் அதன் மேல் ஓரத்துக்குக் காடாத்துணி வைத்துத் தைத்துக் கொடுத்தேன். நாலு தடவை துவைத்தும் அதிலிருந்து சாளை மீன் வாசம் போகவில்லை. எதிர்ப்பக்கத்தார் வலைக்குப் பக்கத்தில் வரவே யோசித்தார்கள், அதுவே உங்களுக்குப் பாதி வெற்றி. அப்படி ஒருநாள் நீ எம்பி அடித்துவிட்டு இறங்கும்போது உன் கூட்டாளி செல்லப்பனின் கால்மேல் இறங்கினாய். கரண்டையில் தேங்காய் அளவுக்கு வீக்கம். எலும்பு வைத்தியர் வந்து தடவிப் பார்த்தார். எலும்பில் ஒன்றும் இல்லை என்று முட்டை வெள்ளையும் உளுந்து மாவும் குழைத்துப் பற்றுப் போட்டு, துணி சுற்றி, மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். உனக்குக் குடிக்க ஒரு கஷாயமும் எழுதிக் கொடுத்தார். கிளம்பும்போது என்னை வாசலுக்குக் கூப்பிட்டார்.

“வேய் தையக்காரரே, கஷாயம் ஒரு மண்டலம் குடிக்கட்டும். கட்டு ஏழே நாளு. எட்டாம் நாளு அவுத்து வரப்புல நடக்க விடும். வலிக்குதும்பான். பைய நடக்கச் சொல்லும். கட்டிப் போட்டே வச்சா காலு ஒறங்கிப் போவும், பொறவு எழுப்பப் பாடுபடணும்.”

உள்ளே வந்தேன். நீ கேட்டாய், “கட்டு எப்பப்பா அவுக்கணும்?”

“ஒரு மண்டலம் மக்கா. நாப்பத்தொண்ணு நாளு.”

கஷாயக் கணக்கையும் கட்டுக் கணக்கையும் குழப்பிக்கொண்டேன் என்று இத்தனை நாளும் எனக்கு நானே சொல்லிவந்தேன். குழப்பம் ஒன்றும் இல்லை. அந்த வாரம்தான், அப்போது பம்பாயில் இருந்த உன் மாமனின் கடிதம் வந்திருந்தது. வேலை தயாராக இருக்கிறது, பையனை உடனே அனுப்புங்கள் என்று. கால் சரியானதும் அனுப்புகிறேன் என்று பதில் எழுதினேன். கட்டு இருக்கும் வரைக்கும் கால் சரியாகவில்லை. கால் சரியாகாத வரைக்கும் நீ போகமாட்டாய். நம் பக்கத்தில் மண்டலம் என்று ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டால் அதற்குமேல் யார் கேள்வி கேட்கப் போகிறார்கள்? நீ கேட்கவில்லை, உன் அம்மா கேட்கவில்லை. அவள் இன்னும் இரண்டு நாள் சேர்த்துக்கொள்ளலாமா என்றுதான் கேட்டாள்.

அந்த நாற்பத்தொரு நாளைப் போல ஒரு காலம் எனக்கு அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. நீ முக்காலியில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாய். சட்டைகளுக்குப் பொத்தான் தைத்தாய். பாதிப் பொத்தான் ஒரு வாரத்தில் கழன்று ஊர்க்காரர்கள் திரும்பிவந்தார்கள், அது வேறு விஷயம். பந்தை எடுத்துக் கொடுப்பவனின் விரலைப் பார்த்தே அது எந்தப் பக்கம் வரும் என்று எப்படித் தெரிந்துகொள்வாய் என்று சொன்னாய். எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் மறுபடியும் மறுபடியும் கேட்டேன், நீ சொல்லிக்கொண்டே இருக்கவேண்டும் என்பதற்காக. பத்து வயதுக்குப் பிறகு நீ என்னோடு அவ்வளவு பேசியது அப்போதுதான். எட்டாம் நாள் வந்தது. நாளைக்கு அவிழ்க்கலாம் என்றேன், மனசுக்குள். ஒன்பதாம் நாளும் அதையேதான் சொன்னேன்.

அவிழ்த்த அன்று உன் இரண்டு கெண்டைக்காலையும் பார்த்தேன். தையற்காரன் கண் அல்லவா, சும்மா இருக்குமா? வேட்டிக்கு அளவு எடுக்கிறது போல விளையாட்டாக டேப்பைச் சுற்றினேனே, ஞாபகம் இருக்கிறதா? “வேட்டிக்கு யாராவது அளவு எடுப்பாங்களாப்பா?” என்று சிரித்தாய். இடது கால் ஒன்றே கால் அங்குலம் குறைச்சல். அதை நான் சொல்லவில்லை. நாலாம் நாள் குழித்துறை ஆற்றங்கரையில் பந்தயம். நீ போகவேண்டும் என்றாய். நானும் பஸ் ஏறி வந்தேன். உனக்கு நேராக ஒரு சாதாரணப் பந்து வந்தது. பக்கத்தில் யாரும் இல்லை. ஒரு எட்டு வைத்தாய். கஞ்சி போடாத காலர் மடங்குகிறதுபோல் உன் கால் மடங்கியது. திரும்பி வரும்போது என் மடியில் காலை வைத்துக்கொண்டு, “யாரும் தொடக்கூட இல்லையேப்பா, எப்படி மடங்கிச்சு?” என்று கேட்டாய். நான் என்ன சொன்னேன் தெரியுமா? “கண்ணு பட்டுட்டு மக்கா” என்றேன். உன் அம்மா வாசலில் உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டாள். கண் யாருடையது என்று அவளுக்குத் தெரியாது. அடுத்த மாதம் நீ லேசாக நொண்டிக்கொண்டே ரயில் ஏறினாய்.

இதெல்லாம் வெளியே வந்தது போன ஐப்பசி மழையில். துணிமூட்டையோடு கடைப்படி இறங்கினேன், என் கரண்டையும் மடங்கியது. அதே வைத்தியர் வந்தார், அதே உளுந்து மாவு, அதே மூங்கில் பத்தை. கட்டி முடித்துவிட்டுச் சிரித்தார்.

“ஏழு நாளுவே. உம்ம மவனுக்குப் போட்ட மாதிரி மண்டலக் கட்டு போட்டுராதேயும்.”

கஞ்சிச் சட்டியோடு வந்த உன் அம்மா அப்படியே நின்றாள். “மண்டலம்னு நீங்கதானே சொன்னீங்க வைத்தியரே?”

“நானா? கஷாயம் மண்டலம். கட்டு ஏழு நாளுன்னாக்கும் சொன்னேன். இவருகிட்டதான் சொன்னேன், இந்த வாசல்ல வச்சு.”

உன் அம்மா சட்டியைக் கீழே வைத்தாள். சட்டியைக் கீழே வைத்தாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு வைத்தியர் பக்கம் திரும்பினாள். “இவருக்குக் கட்டு அவுத்த பொறவு என்னெல்லாம் செய்யணும்? ஒண்ணு விடாம எங்கிட்டச் சொல்லுங்க. இவருகிட்டச் சொல்லாதீங்க.”

அவர் சொன்னதையும், நாங்கள் இரண்டு பேரும் தடுமாறிக் கண்டுபிடித்ததையும் இப்போது உனக்கு எழுதுகிறேன். கவனமாகப் படி. எல்லாம் என் காலில் பரீட்சை பண்ணிப் பார்த்தவை. உனக்கு அனுப்புகிற சட்டையை நான் முதலில் போட்டுப் பார்ப்பதில்லை, இதை மட்டும் போட்டுப் பார்த்திருக்கிறேன். முதல் காரியம், வீக்கம் முழுக்க வடியும் வரை ஒன்றும் வேண்டாம். வடிந்ததும் அறைக்கு வெளியே இருக்கிற படியில் முன்பாதம் மட்டும் இருக்கும்படி நின்று, குதிகாலை உயர்த்தி, அவசரப்படாமல் இறக்கு. பத்தில் தொடங்கி மெள்ள மெள்ளக் கூட்டு. நான் முப்பது வருஷம் மெஷின் மிதித்தவன், இதில் என்னை அடித்துக்கொள்ள ஆள் இல்லை என்று நினைத்தேன். வைத்தியர் என் காலைப் பிடித்துப் பார்த்துவிட்டு, “முன்னயும் பின்னயும் நல்லா போவுது. பக்கவாட்டுல இது பச்சப்பிள்ளை” என்றார். மிதிபலகைக்கு மேலும் கீழும்தான் தெரியும். கால் மடங்குவதோ பக்கவாட்டில்.

அதற்கு ஒரு வழி இருக்கிறது. பழைய சைக்கிள் டியூபில் ஒரு வார் வெட்டி வளையமாக முடி. ஒரு பக்கத்தைக் கட்டில் காலில் மாட்டு, இன்னொரு பக்கத்தைப் பாதத்தில் மாட்டு. முழங்காலை அசைக்காமல் பாதத்தை மட்டும் சுண்டுவிரல் பக்கமாக வெளியே இழு. இழுப்பதைவிட விடுவதுதான் முக்கியம், எண்ணிக்கொண்டே மெதுவாக விடவேண்டும். கரண்டைக்கு வெளிப்பக்கமாக ஓடுகிற தசைதான் உன்னை விழாமல் பிடிக்கிற தசை, அதுதான் எல்லாவற்றிலும் சோம்பேறி. நான் முதல் நாள் ஆத்திரத்தில் இருநூறு தடவை இழுத்துவிட்டு மூன்று நாள் சுவரைப் பிடித்து நடந்தேன். நீ அப்படிச் செய்யாதே. தினமும் கொஞ்சம். ஒருநாள் விட்டால் மறுநாள் சேர்த்துச் செய்யாதே.

ஆனால் பலம் மட்டும் போதாது மக்கா. இதுதான் எனக்குப் புரிய நாளானது. வைத்தியர் சொன்னார், “காலு விழுகதுக்கு முன்னால முழிக்கணும்வே. விழுந்த பொறவு முழிச்சா என்னத்துக்கு ஆவும்?” எவ்வளவு கெட்டித் தசையாக இருந்தாலும், பாதம் சாய்கிற அந்தக் கண்ணிமைப்பில் அது விழித்துக்கொண்டால்தான் உண்டு. நாற்பத்தொரு நாள் கட்டுக்குள்ளே கிடந்து உன் கால் மெலிந்தது மட்டுமல்ல, அது எங்கே நிற்கிறது என்பதையே மறந்துபோயிருக்கிறது. அதை எழுப்பத்தான் ஒற்றைக்காலில் நிற்பது. முதலில் கண் திறந்து நில், அப்புறம் கண்ணை மூடி நில். கண்ணை மூடினால் தெரியும், கரண்டை உள்ளுக்குள் எப்படிக் கிடந்து துடிக்கிறது என்று. பக்கத்தில் பிடித்துக்கொள்ளச் சுவர் இருக்கட்டும். நான் பிடித்துக்கொள்ள உன் அம்மாவை நிறுத்தினேன். அவள் சரியான நேரம் பார்த்து விலகிக்கொண்டாள்.

கடைசியாக வருவது நூல்கட்டை. நூல் தீர்ந்த கட்டைகள் கடையில் ஒரு பெட்டி நிறையக் கிடந்தன. உன் அம்மா எனக்கு எதிரே நின்று ஒரு கட்டையை எடுத்து, எந்தப் பக்கம் என்று சொல்லாமல் வலமாகவோ இடமாகவோ உருட்டிவிடுவாள். நான் அந்தப் பக்கம் ஒரு எட்டு வைத்து, அதைப் பாதத்துக்கு உள்பக்கமாகத் தடுத்து, அந்த ஒற்றைக்காலிலேயே மூன்று எண்ணும் வரை நிற்கவேண்டும். முதல் வாரத்தில் கட்டை போய்ச் சுவரில் மோதி ஓய்ந்த பிறகு என் கால் கிளம்பும்.

“எடது பக்கம் போவுது, நீங்க எங்க போறீங்க? எடது கையும் தெரியாது எடது காலும் தெரியாது. எப்படித்தான் சட்டைக்கு ரெண்டு கையும் சரியா வச்சுத் தைக்கிறீங்களோ.”

“ஏட்டி, கொஞ்சம் பைய உருட்டேன்.”

“எம்பிள்ளைக்கு வந்த பந்து பையவா வந்துது?”

நான் அடுத்த கட்டைக்குத் தயாராகக் குனிந்து நின்றேன். மாசி வரைக்கும் தினமும் கடை திறப்பதற்கு முன்னால் இந்தக் கூத்து. பக்கத்து வீட்டுக்காரர்கள் வேலிக்கு மேலாக எட்டிப் பார்ப்பார்கள். ஊரெல்லாம் நம் தாலுகாக்கள் மதராசோடு சேருமா சேராதா என்று பேசிக்கொண்டிருக்க, ஒரு மனிதன் மட்டும் ஒற்றைக்காலில் கண்ணை மூடிக்கொண்டு நின்றால் பார்க்கத்தானே செய்வார்கள்? எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் மாசி பிறந்தபோது கட்டைக்கு முன்னால் என் கால் போய்ச் சேர ஆரம்பித்தது. உன் அம்மா ஒருநாள் கட்டையை உருட்டாமல் கையை மட்டும் வலப்பக்கம் ஆட்டினாள். நான் நகரவில்லை. “பரவாயில்ல, முழிச்சிட்டு” என்றாள். கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்தில் அவள் என்னைப் புகழ்ந்தது அன்றைக்குத்தான்.

அறுப்பு முடிந்து, நீங்கள் ஆடிய அந்த வயலில் மறுபடியும் வலை கட்டினார்கள். வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். செல்லப்பன் என்னைப் பார்த்துவிட்டுக் கத்தினான், “மாமா, ஒரு ஆளு கொறையுது. சும்மா நின்னா போதும், வாறீரா?” வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினேன். பெரிய வீரம் ஒன்றும் இல்லை. பந்து என்னைத் தேடி வந்தது இரண்டே தடவை, முதல் பந்து தலையில் பட்டது. இரண்டாவது பந்துக்குப் பக்கவாட்டில் எட்டு வைத்தேன். பாதம் ஒரு மண்கட்டியின் ஓரத்தில் விழுந்து வெளிப்பக்கமாகச் சாய்ந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், நான் ஒன்றும் செய்யவில்லை. நான் நினைப்பதற்குள் கரண்டை தன்னைத்தானே இழுத்து நிமிர்த்திக்கொண்டது. நான் நின்றுகொண்டிருந்தேன். பந்து எங்கே போனது என்று தெரியவில்லை. “மக்கா, பாத்தியா!” என்று கத்திக்கொண்டே திரும்பினேன், நீ எப்போதும் நிற்கிற பின்மூலைப் பக்கம். அங்கே வேறு யாரோ ஒரு பையன் நின்றுகொண்டு, இந்தக் கிழவர் ஏன் தன்னைப் பார்த்துக் கத்துகிறார் என்று விழித்துக்கொண்டிருந்தான். நான் பந்து தலையில் பட்டதால் தலை சுற்றுகிறது என்று சொல்லிவிட்டுக் கரையேறிவிட்டேன்.

ஐம்பத்திரண்டு வயதுக் காலே திரும்பக் கற்றுக்கொண்டது என்றால் உன்னுடையது கற்றுக்கொள்ளாதா? இரண்டு மூன்று மாதம் பொறுமையாகச் செய். பிறகு கான்வாஸ் ஷூவைத் திரும்பக் கேட்டு வாங்கு. கொடுத்த பொருளைக் கேட்பது மரியாதை இல்லை என்றால் வேறு வாங்கிக்கொள். ஆறு மணிக்குப் போய் அந்த முகங்களோடு நில். முதலில் குதிக்க வேண்டாம். பின்வரிசையில் நின்று எடுத்துக் கொடு. கால் தானாக உன்னை எம்பச் சொல்லும்போது எம்பு. அப்படியும் உனக்குப் பம்பாய் பிடிக்கவில்லையென்றால், தையல்தான் பிடிக்கிறது என்றால், வா. ஜன்னலோரம் நாலு அடி இருக்கிறது. ஆனால் இரண்டு நல்ல காலோடு யோசித்துவிட்டு வா. ஒரு காலால் நீ எடுக்கிற முடிவை நான் எடுத்துக்கொள்ளமாட்டேன், அந்தக் காலை அப்படி ஆக்கினவன் நான். உன்னிடம் மன்னிப்புக் கேட்பது எப்படி என்று எனக்கு எழுதத் தெரியவில்லை. ஆகையால் எப்படிச் செய்யவேண்டும் என்பதை எழுதியிருக்கிறேன்.

இவ்வளவையும் இன்று மத்தியானம் உன் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். மண்டலத்தைப் பற்றி எழுதிய இடம் வந்ததும் நிறுத்தினேன். படியுங்க என்றாள். எட்டாம் நாள், ஒன்பதாம் நாள் என்று வந்த இடத்தில் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். முழுவதும் முடிந்த பிறகு கொஞ்ச நேரம் மெஷின் சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் உருட்டிக்கொண்டிருந்தாள்.

“இதை அனுப்பினா அவன் வரமாட்டான். தெரியுமில்லா?”

“தெரியும்.”

“காலு நல்லாயிட்டா இன்னும் தூரம்கூடப் போவான்.”

“போவான்.”

“பின்ன என்ன,” என்றாள், “ஒட்டுங்க.”

ஒட்டப் போகிறேன் மக்கா.

உன் அப்பா